இறையியல் கல்லூரியில் முதல் பருவம்: சேர்கிறவருக்கும் சேர்த்துக்கொள்கிறவருக்கும்

மதுரை அரசரடியில் 1969 முதல் நடந்துவரும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை கீழ்ப்பாக்கத்துக் குருகுலம் லுத்தரன் இறையியல் கல்லூரி, 1910இல் தொடங்கிய பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி எதில் சேர்ந்தாலும் பி.டி. (இறையியல் இளநிலை) பட்டத்தைத் தருவது வங்காளத்துச் செராம்பூர்க் கல்லூரியின் செனட்தான். "இந்தப் பட்டம் எங்கிருந்து வருகிறது?" என்று ஊரில் கேட்பார்கள். கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மிஷனெரிகள் மூவரும் 1818இல் தொடங்கிய செராம்பூர்க் கல்லூரிக்கு, பட்டம் வழங்கும் உரிமையை 1827இல் டென்மார்க் அரசர் சாசனமாகக் கொடுத்தார். அந்த உரிமையை 1918இல் வங்காளச் சட்டம் ஒன்று உறுதிசெய்தது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

எந்தக் கல்லூரியானாலும் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: சான்றிதழில் பெயர், ஸ்பான்சர் பணம், கிரேக்கமும் எபிரேயமும், இரண்டு மூன்று மாதம் கழித்து வரும் விசுவாசக் கலக்கம். வரிசையாகப் பார்ப்போம். மாணவருக்குச் சொல்வதோடு, அவரை வரவேற்கும் சீனியர்களுக்கும் விடுதிக் காப்பாளருக்கும் ஆசிரியருக்கும் உரியதும் இடையிடையே வரும்.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், பட்டப்படிப்பின் எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ் அல்லது தற்காலிகச் சான்றிதழ், டி.சி., மைக்ரேஷன் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், திடப்படுத்தல் சான்றிதழ், சேகர குருவானவரின் கடிதம், திருமண்டலம் அல்லது பேராயத்தின் (டயோசிஸ்) பரிந்துரை, மருத்துவச் சான்று. அசலோடு மூன்று செட் ஜெராக்ஸ், பத்து பாஸ்போர்ட் அளவுப் படம். கல்லூரி அனுப்பிய பட்டியலில் வேறு எதுவும் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் பலர் விட்டுவிட்டு வருவது மைக்ரேஷன் சான்றிதழ். அதைத் தருவது நீங்கள் படித்த கல்லூரி அல்ல, பல்கலைக்கழகம். விண்ணப்பித்துக் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். ஜூலையில் கிரேக்க வகுப்பைவிட்டு ஊருக்கு ஓடுகிறவர்களில் பாதிப்பேர் இதற்காகத்தான் ஓடுகிறார்கள்.

அடுத்தது பெயர். பத்தாம் வகுப்புப் பட்டியலில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் அப்பா பெயரை விரித்து ஒரு பெயர், ஞானஸ்நானப் பதிவேட்டில் மூன்றாவது ஒன்று என்று இருக்கும். சேர்க்கைப் படிவத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி, ஒரு புள்ளிகூட மாறாமல் எழுதுங்கள். மற்றவை மாறுபட்டால் "இந்தப் பெயர்களுக்குரியவர் ஒருவரே" என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக் கோப்பில் வையுங்கள். பட்டம் அச்சாகும் நேரத்தில் இதைத் திருத்தப் போனால் மாதங்கள் கரைந்துவிடும்.

அலுவலகத்தில் இருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. அதனால் பள்ளியில் ஒரு பெயர், சபையில் ஒரு பெயர் என்று இரண்டு பெயரோடு வளர்ந்த பிள்ளைகள் நம் சபைகளில் ஏராளம். "ஏன் இரண்டு பெயர்?" என்று வரிசையில் நிற்கும் எல்லார் காதிலும் விழக் கேட்டால், அந்த மாணவரின் முதல் நாள் அங்கேயே உடைந்துபோகிறது. சான்றிதழ் சரிபார்ப்பை அறைக் கதவைச் சாத்தி, ஒவ்வொருவராக அழைத்துச் செய்யுங்கள். ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

பணம்

"டயோசிஸ் பார்த்துக்கொள்ளும்" என்பது வாய்ச்சொல். எதைப் பார்த்துக்கொள்ளும் என்று எழுத்தில் வாங்குங்கள். படிப்புக் கட்டணம், விடுதி, மெஸ் பில், தேர்வுக் கட்டணம், புத்தகம், பயணம், மருத்துவம் என்று ஏழு தலைப்பு போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே யார் தருவார், எந்த மாதம் தருவார் என்று கேட்டு எழுதி, ஒரு நகலைக் கல்லூரிக் கணக்கரிடம் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலும் பயணமும் மருத்துவமும்தான் யார் கணக்கிலும் வராமல் நிற்கும். ஸ்பான்சர் பணம் தாமதமாவது வழக்கம்தான், அதனால் இரண்டு மாதக் கைச்செலவைத் தனியே ஒதுக்கி வையுங்கள். திருமணமாகிக் குடும்பக் குடியிருப்பில் சேர்கிறவர்கள் சமையல் எரிவாயு, குழந்தையின் பள்ளிக் கட்டணம் இரண்டையும் அந்தப் பட்டியலில் சேர்க்க மறக்கவேண்டாம்.

மெஸ் பில் கட்ட முடியாமல் ஒருவர் சாப்பாட்டைத் தவிர்ப்பது நடக்கிறது. வெட்கத்தால் சொல்லமாட்டார். கணக்கர் பாக்கிப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டாமல் காப்பாளரிடம் நேரே கொடுத்தால் அதில் பாதி குறையும்.

முதல் இருபத்துநான்கு மணி நேரம்

இது சீனியர் அண்ணன், அக்காமாரின் வேலை. ஒரு புதியவருக்கு ஒருவர் என்று பெயர் குறித்துவிடுங்கள். "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்று விட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். பேருந்து நிலையத்திலோ வாசலிலோ பெட்டியை வாங்கிக்கொண்ட பின் காட்டவேண்டியவை: அறை, குடிதண்ணீர்க் குழாய், கழிப்பறை, மெஸ், ஆலயம், மருந்துக்கடை, ஜெராக்ஸ் கடை, பேருந்து நிறுத்தம். தண்ணீர் எந்த நேரம் வரும், எப்போது நிற்கும் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். காலை ஜெபத்துக்குப் பிந்துவதற்குப் பாதிக் காரணம் அதுதான். அன்று இரவு வீட்டுக்குப் போன் பேசவைத்துவிட்டுப் படுக்கப் போங்கள்.

அறை ஒதுக்கீட்டை மாணவர் வரும் முன்பே சீட்டுக் குலுக்கி முடித்துவிடுவது நல்லது. ஒரே திருமண்டலத்துக்காரர்களை ஒரே அறையில் போட்டால் முதல் வாரம் சுகமாக இருக்கும். மூன்றாம் மாதத்தில் விடுதி குழுக்களாகப் பிரிந்திருக்கும். "எந்த ஊர்? எந்தத் தெரு? அப்பா பேர் என்ன?" என்று துருவுவது எதற்கென்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். அந்தக் கேள்விகள் இங்கே கேட்கப்படுவதில்லை என்று காப்பாளர் முதல் கூட்டத்திலேயே வாய்விட்டுச் சொல்லவேண்டும். பகடிவதையும் (ராகிங்) அப்படியே. பாட்டுப் பாடச் சொல்வது, முட்டிபோடச் சொல்வது எல்லாம் "கலகலப்பு" என்ற பெயரில் தொடங்கும். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது, இறையியல் கல்லூரி வளாகம் அதற்கு விலக்கு அல்ல.

ஆலய வழிபாட்டில் தடுமாறாமல் இருக்க

பெந்தெகொஸ்தே சபையிலிருந்து வருகிறவருக்குப் பாமாலைப் புத்தகமே புதிது. லுத்தரன் பிள்ளைக்கு ஞானப்பாட்டு தெரியும், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆராதனை முறை தெரியாது. முதல் இரண்டு வாரம் மூன்றாம் வரிசையில், தெரிந்த ஒருவரின் பக்கத்தில் உட்காருங்கள். முன்வரிசையில் இருந்தால் எப்போது எழும்புவது, எப்போது முழங்காற்படியிடுவது என்று பார்த்துச் செய்ய ஆள் இருக்காது.

சி.எஸ்.ஐ. நற்கருணை ஆராதனையில் சமாதானம் வழங்கும் இடத்தில் பலர் திகைத்துப்போவார்கள். கொடுக்கிறவர் தன் வலது உள்ளங்கையைப் பெறுகிறவரின் வலது உள்ளங்கையோடு சேர்ப்பார். பிறகு இருவரும் தத்தம் இடது கையால் மற்றவரின் வலது கையைப் பொத்திக்கொள்வார்கள். முதலில் அறையில் ஒருமுறை செய்துபாருங்கள்.

ஜெபம் நடத்தும் முறை உங்களுக்கு வந்தால் ஐந்து விண்ணப்பம், ஒவ்வொன்றும் மூன்று வரி, எழுதிவைத்துச் சொல்லுங்கள். மூன்று நிமிடத்துக்குள் முடியும். மனதில் வந்தபடி ஜெபித்துப் பழகியவர்கள் பன்னிரண்டு நிமிடம் போய்விடுகிறார்கள், காலை வகுப்பு அங்கேயே பிந்திவிடுகிறது.

கிரேக்கமும் எபிரேயமும்

முதல் பருவத்தில் ஆளைச் சாய்ப்பது இந்த இரண்டும்தான். ஆனால் தமிழ் தெரிந்தவருக்கு இதில் பெரிய கைமுதல் உண்டு. இலக்கணத்தை ஆங்கிலப் பாடநூலின் வழியாகவே படிப்பதால் அது கண்ணில் படாமல் போகிறது.

கிரேக்கப் பெயர்ச்சொல்லின் வேற்றுமையை எடுத்துக்கொள்ளுங்கள். லோகொஸ், லோகொன், லோகோ, லோகூ, லோகே. தமிழில்: சொல், சொல்லை, சொல்லுக்கு, சொல்லினது, சொல்லே! நம் எட்டு வேற்றுமை அங்கே ஐந்தாகச் சுருங்கியிருக்கிறது. ஆறாம் வேற்றுமையும் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல் பொருளும் ஒரே உருவில் அடங்கும். 'கு', 'ஆல்', 'இல்' மூன்றின் வேலையையும் இன்னோர் உருவே செய்யும். வினைச்சொல்லும் அப்படித்தான். லூவோ, லூவெய்ஸ், லூவெய் என்பது அவிழ்க்கிறேன், அவிழ்க்கிறாய், அவிழ்க்கிறான் என்பதைப்போல விகுதியிலேயே ஆளைக் காட்டிவிடும். ஆகவே வாய்பாட்டை ஆங்கிலப் பொருளோடு மனப்பாடம் செய்யாமல் பக்கத்தில் தமிழ் வடிவத்தை எழுதிப் படியுங்கள்.

தமிழ் கைகொடுக்காத இடமும் இருக்கிறது. ஆங்கிலத்தின் 'தி' போல ஒரு சுட்டுச்சொல் கிரேக்கத்தில் உண்டு, அதற்கு 24 உருவங்கள். தமிழில் அப்படி ஒன்று இல்லாததால் நம்மவர் அதைத் தாண்டிப் படித்துவிடுவார்கள். அந்த 24ஐயும் முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள், பெயர்ச்சொல்லின் பால், எண், வேற்றுமை எல்லாவற்றையும் அதுவே காட்டிக்கொடுக்கும். பாலிலும் நம் திணைக் கணக்கு அங்கே செல்லாது. 'சொல்' ஆண்பால், 'வழி' பெண்பால், 'குழந்தை' ஒன்றன்பால்.

எழுத்தில் ஓர் எச்சரிக்கை: உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளாதீர்கள். எபிரேய 'பேத்', 'பே' இரண்டுமே தமிழில் 'ப' ஆகிவிடும். தாலெத், தேத், தாவ் மூன்றும் 'த' ஆகிவிடும். தேர்வில் எழுத்து மாறிப்போவது இப்படித்தான். கிரேக்கத்தில் கண் ஏமாற்றும். நியூ என்ற எழுத்து ஆங்கில 'வி' போலவும், ரோ 'பி' போலவும் இருக்கும். எபிரேயத்தில் பேத்–காஃப், தாலெத்–ரேஷ், ஹே–ஹேத் என்ற மூன்று ஜோடிகளையும் பக்கம்பக்கமாக எழுதிப் பழகுங்கள். மொத்தம் 22 எழுத்து. சொல்லின் கடைசியில் வரும்போது அவற்றில் ஐந்துக்கு உருவம் மாறும். வலமிருந்து இடம் போவதால் நோட்டைப் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

எழுத்து வரிசைக்கு 119ஆம் சங்கீதம் உதவும். அகரவரிசையில் அமைந்த நம் நீதிநூல் வரிகளைப் போல, எபிரேய எழுத்து வரிசையில் 22 பகுதிகளாக, பகுதிக்கு எட்டு வசனமாக, 176 வசனம் கொண்டது அது. எழுத்துக்கு ஒரு நாள் வைத்து, அந்த எட்டு வசனத்தை வாசித்துவிட்டு எழுத்தைப் பத்து முறை எழுதினால் 22 நாளில் முடியும்.

உங்களுக்குத் தெரியாமலே ஐம்பது எபிரேயச் சொல்லாவது உங்களிடம் இருக்கும், எல்லாம் ஞாயிறு பள்ளியில் கேட்ட பெயர்களுக்குள். மெலெக் என்றால் ராஜா: அபிமெலேக்கு, எலிமெலேக்கு, மெல்கிசேதேக்கு. பேத் என்றால் வீடு: பெத்தேல் தேவனுடைய வீடு, பெத்லகேம் அப்பத்தின் வீடு. ஒரு பக்கம் பெயரும் மறுபக்கம் அதன் உறுப்புகளுமாக அட்டைகள் செய்யுங்கள்.

கிரேக்கச் சொல்லுக்குக் கணக்கு இது. புதிய ஏற்பாட்டில் ஐம்பது முறைக்கு மேல் வரும் சொற்கள் முந்நூற்றுச் சொச்சம். மூலத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அவையே. நாளைக்கு ஐந்து சொல், வாரம் ஆறு நாள் என்றால் பத்துப் பதினோரு வாரத்தில் முடிந்துவிடும். காலை இருபது நிமிடம், இரவு இருபது நிமிடம் போதும். சனிக்கிழமை நான்கு மணி நேரம் மொத்தமாக உட்கார்ந்தால் புதன்கிழமைக்குள் மறந்துபோகும்.

மொழி வகுப்பில் இரண்டு வகுப்பு தவறினால் மூன்றாவது புரியாது. அதனால் உதவும் சீனியர் பார்க்கவேண்டியது மதிப்பெண்ணை அல்ல, வருகையை. மாணவர் காய்ச்சலில் படுத்தால் அன்றைய வாய்பாட்டை அறைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நூலகமும் கட்டுரையும்

புத்தகங்களை எண்ணால் வகைப்படுத்தும் டியூயி முறை உள்ள நூலகத்தில் 220 வேதாகமம் பொது, 221 பழைய ஏற்பாடு, 225 புதிய ஏற்பாடு, 226 சுவிசேஷங்கள், 230 இறையியல், 270 திருச்சபை வரலாறு, 294.5 இந்து சமயம். முதல் வாரமே இந்த அலமாரிகள் முன் ஒருமுறை நடந்துபாருங்கள்.

கட்டுரையில் புதியவர் செய்யும் தவறு பிரசங்கம் எழுதுவது. கேள்வி "ஆமோஸ் காலத்துச் சமூக நிலை" என்றால் "நாமும் அப்படி வாழ்வோமாக" என்று முடிக்கவேண்டியதில்லை. படிக்கும்போதே நூல், பக்கம், ஆண்டு மூன்றையும் குறித்துவிடுங்கள். அடிக்குறிப்புக்காக நள்ளிரவில் புத்தகம் தேடும் வேதனை இருக்காது. தமிழை யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு இன்னொரு கணினியில் வெறும் குறிகளாகத் திறக்கும். எபிரேயத்துக்கும் கிரேக்கத்துக்கும் எஸ்.பி.எல். எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

விசுவாசம் ஆட்டம் காணும்போது

ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் செடிகொடி, விலங்கு, பிறகு மனிதர் என்ற வரிசை. இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் முதலில், மரங்களும் விலங்குகளும் பிறகு. மாற்கு 16:9–20 பழமையான சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. ஏசாயா 45:1 பாரசீக அரசர் கோரேசின் பெயரைச் சொல்கிறது, அதனால் அந்தப் பகுதி பாபிலோன் சிறையிருப்புக் காலத்தில் எழுதப்பட்டது என்று ஆய்வாளர் சொல்கிறார்கள். வகுப்பில் இவை மளமளவென்று வந்து விழும். ஊரில் உபதேசியார் ஐயா கற்றுக்கொடுத்ததெல்லாம் பொய்யா என்று இரவில் தூக்கம் போகும்.

செய்யவேண்டியது: கேள்வியை உடனே தீர்க்கப் பார்க்காதீர்கள். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம் வகுப்பில் கேட்டதை அப்படியே, வலது பக்கம் அது உங்கள் ஜெபத்தில், பயத்தில் எதைத் தொட்டது என்று. அடுத்து ஒரு பயிற்சி. திமிர்வாதக்காரன் கதையை மாற்கு 2:1–12, மத்தேயு 9:1–8, லூக்கா 5:17–26 மூன்றிலும் பக்கத்தில் பக்கம் எழுதி வண்ணப் பென்சிலால் வேறுபாட்டைக் குறியுங்கள். மாற்கில் கூரையைத் தோண்டித் திறக்கிறார்கள். லூக்காவில் ஓடுகள் வழியாக இறக்குகிறார்கள். மத்தேயுவில் கூரையே இல்லை. மூன்று சபைக்கு மூன்று பேர் ஒரே இயேசுவைச் சொல்லும் விதம் அது என்று கையால் எழுதும்போது தெரியும், விரிவுரையில் கேட்டால் மிரட்டலாகத்தான் இருக்கும்.

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கல்லூரிகள் எடுத்துக்கொள்ளும் என்றால், இதை எடுத்துக்கொள்ளட்டும். மாணவரைப் பற்றி பேராயருக்கு அறிக்கை போகிறது. அதில் அவருடைய ஆவிக்குரிய வாழ்வு பற்றியும் எழுதப்படும். அந்த அறிக்கையை எழுதும் ஆசிரியரே மாணவரின் ஆலோசகராகவும் இருந்தால், "ஐயா, எனக்கு ஜெபிக்க முடியவில்லை" என்று எந்தப் பிள்ளை போய்ச் சொல்லும்? அறிக்கையில் கையெழுத்திடாத, மதிப்பெண் போடாத ஒருவரைப் புதியவர்களுக்கென்று ஒதுக்குங்கள். வளாகத்துக்கு வெளியே இருக்கும் ஓய்வுபெற்ற ஆயரம்மாவாகவோ ஆயராகவோ இருந்தாலும் சரி. அவரிடம் சொன்னது அங்கேயே நிற்கும் என்று முதல் வாரக் கூட்டத்தில் முதல்வரே அறிவிக்கவேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். மாணவர்களே, உங்கள் கல்லூரியில் யார் அறிக்கை எழுதுகிறார், யார் எழுதுவதில்லை என்று முதல் மாதமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதில் தவறில்லை.

ஞாயிறு ஊழியப் பயிற்சி

உங்களை அனுப்பும் சபையில் முதல் வாரமே "தம்பி, இன்றைக்கு நீங்களே செய்தி கொடுங்கள்" என்பார்கள். முதல் மாதம் பாடம் வாசிப்பதும் ஞாயிறு பள்ளியும் போதும் என்று பணிவாகச் சொல்லலாம், அந்தச் சபைக் குருவானவரும் புரிந்துகொள்வார். இரண்டாம் மாதம் பிரசங்கித்தால் அல்மனாக்கில் (சபை நாட்காட்டியில்) அன்றைக்குரிய பாடத்தைப் பாருங்கள், பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள். வியாழக்கிழமை வகுப்பில் கேட்டுக் கலங்கிய ஒன்றை ஞாயிறு பிரசங்கமேடையில் கொட்டாதீர்கள். உங்களுக்கே செரிக்காததைக் கேட்டுவிட்டு அந்தப் பாட்டி வீட்டுக்குப் போய் யாரிடம் கேட்பார்?

பெண் மாணவர்களை "ஞாயிறு பள்ளிக்கும் பெண்கள் ஐக்கியச் சங்கத்துக்கும்" என்று ஒதுக்கிவிடும் சபைகள் உண்டு. பயிற்சிப் பொறுப்பாசிரியர் அனுப்பும் கடிதத்திலேயே, பருவத்தில் இத்தனை முறை இவர் ஆராதனை நடத்தவேண்டும், இத்தனை முறை பிரசங்கிக்கவேண்டும் என்று எழுதிவிட்டால் அவர் தனியாகப் போராடவேண்டியதில்லை.

மூன்றாம் வாரம், ஆறாம் வாரம்

புதியவரைக் கட்டாயம் போய்ப் பார்க்கவேண்டிய வாரங்கள் இவை. மூன்றாம் வாரத்தில் வீட்டு நினைவு முற்றும். ஆறாம் வாரத்தில் முதல் கட்டுரையும் முதல் மொழித் தேர்வும் சேர்ந்து வரும். தொடர்ந்து இரண்டு நாள் காலை ஜெபத்துக்கு வராதது, மெஸ்ஸில் காணாதது, பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, போனை எடுக்காதது ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் அறைக்குப் போங்கள். "என்ன பிரச்சினை?" என்று தொடங்காமல் "சாப்பிட்டியாப்பா?" என்று கேளுங்கள், டீ வாங்கிக்கொடுங்கள், அவர் பேசும்வரை பக்கத்தில் இருங்கள். வசனம் சொல்லி அடக்கிவிடாதீர்கள். விசுவாசம் போதவில்லை என்று அவரே தன்னை அடித்துக்கொண்டிருப்பார்.

சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். காப்பாளரை எழுப்புங்கள். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண் நாள் முழுவதும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அந்த எண்ணை எல்லா அறைக் கதவின் உட்புறமும் ஒட்டிவையுங்கள். அறிவிப்புப் பலகை முன் நின்று யாரும் அதைக் குறித்துக்கொள்ளமாட்டார்கள்.

முதல் விடுமுறைக்குக் கிளம்பும்போது

கட்டண ரசீதுகளைப் படம் எடுத்து ஸ்பான்சருக்கு அனுப்பிவிடுங்கள், அடுத்த பருவப் பணம் அதைப் பார்த்துத்தான் வரும். நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சொல் அட்டைகளைப் பெட்டியின் மேலாகவே வையுங்கள். சேகரக் குருவானவரைப் போய்ப் பாருங்கள், அவரும் உங்களை ஞாயிறு செய்திக்கு அழைப்பார். திமிர்வாதக்காரன் கதையை மூன்று சுவிசேஷத்திலும் எழுதிவைத்த அந்தத் தாள் கையில் இருந்தால், பன்னிரண்டு நிமிடத்துக்கு வேண்டியது அதிலேயே இருக்கிறது.